விசிறியிலிருந்து தொடங்குங்கள்

ஊவாவின் பதுளை, பசறை, அப்புத்தளைத் தேயிலைத் தோட்டங்களில் உற்பத்திச் செலவைக் குறைக்கும் பேச்சு எழுந்தாலே, முதலில் கண்ணில் படுவது கொழுந்துக் கூடைதான். நாட்சம்பளம் 2021இல் 1000 ரூபாய். 2024இல் அடிப்படைச் சம்பளமே 1350 ரூபாய். ஒரு கிலோ தேயிலைத்தூளுக்கு சுமார் நாலரை கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். அதைப் பெரும்பாலும் கைதான் பறிக்கிறது. செலவில் பெரும்பங்கு கூலி என்பதை மறுக்க முடியாது. ஆனாலும் இயந்திரம் முதலில் இறங்க வேண்டிய இடம் கொழுந்து பறிக்கும் மலையல்ல, ஸ்டோர் எனப்படும் தேயிலைத் தொழிற்சாலை என்பேன்.

கொழுந்தை வாட்டும் தொட்டிகளின் முனையில் மணிக்கணக்காகச் சுழலும் விசிறிகளைப் பாருங்கள். ஸ்டோரின் மின்கட்டணத்தில் பெரும்பகுதியை விழுங்குபவை அவை. விசிறியின் வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால், அது இழுக்கும் மின்சாரம் ஏறக்குறைய பாதியாகும். இது இயற்பியல் விதி. ஜூலை முதல் செப்டம்பர் வரை ஊவாவில் வறண்ட காற்று வீசும்போது கொழுந்து தானாகவே விரைந்து வாடும். அப்போதும் விசிறி முழு வேகத்தில் ஓடினால் காசுதான் காற்றில் போகிறது. ஈரத்தை அளந்து வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி இதைத் தடுக்கும். ஆனால் அதற்கு அளவு சொல்ல வேண்டியவர், இலையைக் கையில் பிசைந்தே பதம் அறியும் டீமேக்கர். அவரும் இரவு வேலைக்காரரும் இல்லாத திட்டக்குழு கருவியை வாங்கும், பயன்படுத்தாது.

மின்சாரத்தில் மிச்சம் பிடித்துக் கூலிச் செலவை ஈடுகட்ட முடியுமா என்று கேட்கலாம். முழுதாக முடியாது. ஆனால் கூலியைக் குறைக்க மலையில் இயந்திரத்தை இறக்கினாலும் சிக்கல்தான்: செங்குத்துச் சரிவில், உயரம் சமமில்லாத பழைய செடிகளில் ஓடும் பறிக்கும் இயந்திரம் முற்றிய இலையையும் காம்பையும் சேர்த்தே வாரும். ஊவாத் தேயிலையின் விலை அதன் மணத்தில் இருக்கிறது; செலவோடு விலையும் இறங்கினால் மிச்சம் எங்கே? ஆளில்லாமல் கொழுந்து முற்றிப்போகும் மலைகளில் இயந்திரம் வரட்டும். அங்கே அது யாருடைய வேலையையும் பறிக்காது.

வேலை போய்விடும் என்ற அச்சம் நியாயமானது. கூடைக்கும் ஈரத்துக்கும் என்று நிறுவையில் கிலோ கழிவதைப் பார்த்தே வளர்ந்த பெண்களிடம், புது இயந்திரம் உங்கள் நன்மைக்கே என்றால் எப்படி நம்புவார்கள்? இயந்திரத் திட்டத்துக்குத் தலைமை ஏற்பவர்களே, முதலில் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் மின் தராசை வையுங்கள். எடை அச்சிட்ட சீட்டை அவர்கள் கையில் கொடுங்கள். மற்ற இயந்திரங்களைப் பற்றி அதன்பிறகு அவர்களிடம் பேசுங்கள்.