கார்டு தொலைந்தால் எல்லை லோஹேகாவிலேயே வந்துவிடும்

அமெரிக்காவிலோ துபாயிலோ குடியிருப்பவர் லீவுக்கு ஊர் வருகிறார். புனேயில் தங்கை வீட்டுக்குப் போகும் வழியில் கைப்பை தொலைகிறது. பாஸ்போர்ட், குடியிருப்பு அட்டை இரண்டும் அதில்தான். “கம்ப்யூட்டர்ல உங்க விவரமெல்லாம் இருக்குமே, அங்க போய்ச் சொல்லிக்கலாம்” என்று வீட்டில் தைரியம் சொல்வார்கள். அந்தத் தைரியம் லோஹேகாவ் விமான நிலையத்தின் செக்-இன் கவுண்டரைத் தாண்டாது.

தடுப்பது யார்?

கவுண்டரில் இருப்பவர் முன்னால் ‘டைமேட்டிக்’ என்ற தகவல் தொகுப்பு திறந்திருக்கும். எந்த நாட்டுக்காரர் எந்த நாட்டுக்குப் போக என்ன ஆவணம் வேண்டும் என்பதை அது சொல்லும். அதில் சொன்னது உங்கள் கையில் இல்லையென்றால் போர்டிங் பாஸ் கிடைக்காது. உரிய ஆவணமில்லாத பயணியை ஏற்றிச் சென்றால் விமான நிறுவனம் அபராதம் கட்டி, அவரைத் திருப்பியும் அழைத்து வர வேண்டும். நம் நாட்டிலும் இதே கதைதான். 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ள குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டத்தில், இந்த அபராதம் 5 லட்சம் ரூபாய் வரை போகலாம். ஆகவே, வெளிநாட்டில் குடியிருக்கும் உரிமை இருப்பது வேறு. அதைக் கவுண்டரில் நிரூபிப்பது வேறு.

இந்த இரண்டுக்கும் நடுவில் சிக்கியவர்தான் ஈரானியரான மெஹ்ரான் கரிமி நாசேரி. பெல்ஜியம் தந்த அகதி ஆவணங்கள் தொலைந்துவிட்டன என்றார். லண்டன் அவரைத் திருப்பி அனுப்பியது. 1988 முதல் 2006 வரை பாரிஸின் சார்ல் த கோல் விமான நிலையத்திலேயே வாழ்ந்தார். நம்மவர் யாருக்கும் அந்தக் கதி வராது. ஆனால் வேலை, வாடகை, பிள்ளைகள் பள்ளி எல்லாம் அங்கே காத்திருக்க, வாரக்கணக்கில் இங்கே மாட்டிக்கொள்வது சாதாரணம்.

முதலில் போலீஸ், பிறகு பாஸ்போர்ட்

தொலைந்த இடத்துக்குரிய காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, நகலை வாங்குங்கள். பாஸ்போர்ட் எண், விசா எண், கார்டு எண் எல்லாம் அதில் இருக்கட்டும். அடுத்து பாஸ்போர்ட் சேவா தளத்தில் மறுவழங்கலுக்கு விண்ணப்பம். 36 பக்க பாஸ்போர்ட்டுக்குக் கட்டணம் 3,000 ரூபாய், தத்கலில் 5,000. புனேயில் சேவை மையம் முண்ட்வாவில் இருக்கிறது. பாஸ்போர்ட் தர மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்கலாம். மேல்முறையீட்டுக்கும் சட்டத்தில் இடமுண்டு.

தொலைந்ததாகப் பதிந்த பாஸ்போர்ட் ரத்தாகிவிடும். அதன் எண் இன்டர்போல் பட்டியலுக்கும் போகலாம். பிறகு அது சோபாவுக்கு அடியில் கிடைத்தாலும், அதை எடுத்துக்கொண்டு விமானம் ஏறப் போகாதீர்கள்.

நாட்டுக்கு நாடு வழி வேறு

அமெரிக்கா: கிரீன் கார்டு தொலைந்தால், பயண ஆவணத்துக்கான ஐ-131ஏ படிவத்துக்கு ஆன்லைனில் பணம் கட்டி, மும்பைத் துணைத் தூதரகத்தில் நேரில் விண்ணப்பிக்க வேண்டும். பொதுவாக, ஓராண்டுக்குள் திரும்புபவர்களுக்கே இது. எச்-1பி விசா தொலைந்தவருக்கு ஐ-797 ஒப்புதல் தாள் மட்டும் போதாது. புது விசா முத்திரை வேண்டும்.

பிரிட்டன்: குடியிருப்பு அட்டைக்குப் பதில் இப்போது இ-விசா. கார்டு தொலையும் கவலை போயிற்று. ஆனால் புதிய பாஸ்போர்ட் எண்ணை யுகேவிஐ (பிரிட்டன் விசா, குடியேற்றத் துறை) கணக்கில் சேர்க்காவிட்டால், விமான நிறுவனம் சோதிக்கும்போது உங்கள் அனுமதி தெரியாமல் போகலாம்.

ஐக்கிய அரபு எமிரேட்ஸ்: 2022 முதல் பாஸ்போர்ட்டில் விசா ஒட்டுவதில்லை, எமிரேட்ஸ் ஐடிதான் சான்று. பாஸ்போர்ட் மாறினால் ஸ்பான்சரிடம் சொல்லி, அங்குள்ள குடியேற்றத் துறைப் பதிவைச் சரிசெய்த பிறகே டிக்கெட் போடுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால், சில விலக்குகள் தவிர, குடியிருப்பு அனுமதியே காலாவதியாகும்.

தடுத்து நிறுத்தினால்

லோஹேகாவிலேயே ஏற்ற மறுத்தால், என்ன ஆவணம் குறைகிறது என்று எழுத்தில் கேளுங்கள். சரியான ஆவணம் இருந்தும் மறுத்திருந்தால் ஏர்சேவா தளத்தில் புகார் செய்யலாம். இரண்டு ஆண்டுக்குள் நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போட 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது.

நீங்கள் போய்ச் சேரும் நாட்டின் எல்லையில் நிறுத்தினால், படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். அமெரிக்காவில் ஐ-407 என்ற படிவம் உண்டு. ‘நிரந்தரமாகக் குடியிருக்கும் உரிமையை நானாகவே விட்டுவிடுகிறேன்’ என்பதுதான் அதன் சாரம். கிரீன் கார்டு வைத்திருப்பவர் அதில் கையெழுத்திட மறுத்து, குடியேற்ற நீதிபதி முன் விசாரணை கேட்கலாம். காவலில் வைத்தால் இந்தியத் தூதரகத்துக்குத் தகவல் சொல்லக் கேட்பது 1963 வியன்னா உடன்படிக்கை தரும் உரிமை.

இந்தியக் குடிமகன் வெளிநாட்டில் பாஸ்போர்ட்டைத் தொலைத்தால் நிலைமை இவ்வளவு மோசமில்லை. தூதரகம் தரும் ‘எமர்ஜென்சி சர்டிபிகேட்’டை வைத்துக்கொண்டு, ஒருவழிப் பயணமாக ஊர் திரும்பலாம். ஆனால் அதைக் காட்டி வேலை பார்க்கும் நாட்டுக்குள் போக முடியாது.

பாஸ்போர்ட்டின் முதல், கடைசிப் பக்கங்கள், விசா, குடியிருப்பு அட்டையின் இரு புறம் ஆகியவற்றை ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் ஒரு பிரதி, வீட்டாரிடம் ஒரு பிரதி வையுங்கள். பாஸ்போர்ட்டும் கார்டும் ஒரே பையில் வேண்டாம். தொலைந்துவிட்டால், புதுத் தாள் கைக்கு வரும் முன்னே பயணத் தேதியை முடிவு செய்யாதீர்கள். முதலில் விமான டிக்கெட்டைத் தள்ளிப்போடுங்கள். அந்தச் செலவு, கவுண்டரிலிருந்து திரும்பி வரும் செலவைவிடக் குறைவு.