பந்தயத்தில் கவசம், சாலையில் கண்ணி

ரேஸ் கார்களின் நான்கு முனை, ஆறு முனை பெல்ட்டுகளைச் சொந்தக் காரில் மாட்டிக்கொள்ளும் ஆசை பெங்களூர் கார்ப் பிரியர்கள் சிலருக்கு உண்டு. ஆனால் அந்த ஆசைக்கும் பாதுகாப்புக்கும் நடுவே சட்டமும் நிற்கிறது, பௌதிகமும் நிற்கிறது.

பெங்களூர் டவுன் ஹால் பக்கம் உள்ள ஜே.சி. சாலையில் காருக்கு வேண்டிய எதுவும் கிடைக்கும். சீட் கவரில் ஆரம்பித்து அலாய் சக்கரம், அலறும் சைலன்சர் வரை. இந்த மாதிரி அலங்காரச் சாமான்களுக்கு நடுவே இளைஞர்களின் கண்ணை இழுக்கும் சமாச்சாரம் ஒன்று உண்டு: பந்தய ஓட்டுநர்கள் கட்டிக்கொள்ளும் அகலமான பெல்ட். இரு தோள்களுக்கும் இரண்டு பட்டை, இடுப்புக்கு இரண்டு, வயிற்றின் நடுவே வட்டமான பூட்டு. இதன் பெயர் ஹார்னஸ். ஞாயிறு விடியற்காலையில் நந்தி மலைக்குக் காரை விரட்டுகிறவருக்கு இதைப் பார்த்ததும் கை பரபரக்கும். கம்பெனி கொடுத்த மூன்று முனை பெல்ட்டைவிட நான்கு முனை பெல்ட் இன்னும் பாதுகாப்புதானே என்று கணக்கும் போடுவார்.

அந்தக் கணக்குத் தப்பு. பந்தயக் காரில் ஹார்னஸ் தனியாக வேலை செய்வதில்லை. உடலைக் கவ்விப் பிடிக்கும் பக்கெட் இருக்கை, கூரை நசுங்காமல் காக்கும் இரும்புக் கூண்டு, ஹெல்மெட், கழுத்துக் காப்பு எல்லாம் சேர்ந்த ஏற்பாட்டில் அது ஒரு பகுதி. கூண்டு இல்லாத சாதாரண கார் உருண்டு கூரை உள்ளே அமுங்கினால், மூன்று முனை பெல்ட் கட்டியவரின் உடல் ஓரளவு பக்கவாட்டில் சாய முடியும். ஹார்னஸ் கட்டியவர் நிமிர்ந்தபடியே கட்டுண்டு கிடப்பார். அமுங்கும் கூரை நேராக அவர் தலைக்கு வரும்.

கழுத்தின் கதை இன்னும் சோகமானது. தோள் இரண்டும் இறுகக் கட்டப்பட்டிருக்கும்போது மோதலில் முன்னால் பாய்வது தலை மட்டுமே. 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் டேட்டோனா பந்தயத்தில் டேல் எர்ன்ஹார்ட் இறந்தது மண்டையோட்டின் அடிப்பகுதி முறிந்ததால். அவர் கழுத்துக் காப்பு அணிந்திருக்கவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் நாஸ்கார் அமைப்பு அதைக் கட்டாயமாக்கியது. ஃபார்முலா ஒன் 2003இல் பின்தொடர்ந்தது. ஹெல்மெட்டும் கழுத்துக் காப்புமாக ஆபீசுக்குக் கார் ஓட்டிப் போகிறவர் யாரும் இல்லை.

எங்கே முடுக்குவது?

70 கிலோ எடையுள்ள ஒருவர் 60 கி.மீ. வேகத்தில் வந்து மோதுகிறார். அரை மீட்டர் தூரத்துக்குள் உடல் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெல்ட்டின் மேல் விழும் சராசரி சுமை சுமார் இரண்டு டன். அந்தச் சுமை கடைசியில் போய்ச் சேருவது காரின் உடம்பில் முடுக்கிய போல்ட்டுகளில். அதனால்தான் சர்வதேச மோட்டார் பந்தயச் சம்மேளனமான எஃப்.ஐ.ஏ. இதில் கறாராக இருக்கிறது. புதிதாகத் துளை போட்டால் அடியில் குறைந்தது 3 மி.மீ. தடிமனும் 40 சதுர செ.மீ. பரப்பும் உள்ள இரும்புத் தகடு வைக்க வேண்டும். பெல்ட்டை இருக்கையிலேயே கட்டக் கூடாது. தோள் பட்டை இருக்கையின் மேல் விளிம்பிலிருந்து பின்னால் 45 டிகிரிக்கு மேல் சரியக் கூடாது. 10 டிகிரிக்குள் இருப்பது உத்தமம்.

கடைசி விதியில்தான் நம் வீட்டுக் கார்கள் தோற்றுப்போகின்றன. சின்ன ஹாட்ச்பேக்கில் தோள் பட்டையைக் கட்டப் பின்னால் உயரத்தில் இடம் கிடையாது. எனவே பின் இருக்கை பெல்ட்டின் போல்ட்டிலோ தரையிலோ இழுத்து முடுக்கிவிடுகிறார்கள். பட்டை செங்குத்தாக இறங்குகிறது. மோதும்போது அது மார்பைப் பின்னால் இழுப்பதற்குப் பதில் தோளைக் கீழே அழுத்துகிறது. தண்டுவடம் நசுங்குகிறது. தொடைகளுக்கு நடுவே வர வேண்டிய பட்டை இல்லாவிட்டால் இடுப்புப் பட்டை மேலேறி, எலும்பை விட்டு வயிற்றில் பதிந்துவிடும்.

இன்னொரு சிக்கல் நம் சாலைகள். வால்வோ பொறியாளர் நில்ஸ் போலின் 1959இல் கொண்டுவந்த மூன்று முனை பெல்ட், பின்னாளில் சுருள் பொறி சேர்ந்தபின், சாதாரண நேரத்தில் உடலோடு நீண்டு வரும். திடீர் வேகக் குறைவில் மட்டும் பூட்டிக்கொள்ளும். ஹார்னஸில் அந்தச் சுருள் கிடையாது. சில்க் போர்டு சந்திப்பில் இடது பக்கம் நுழையும் ஸ்கூட்டரை எட்டிப் பார்க்க வேண்டுமென்றால் ஓட்டுநர் பட்டையைத் தளர்த்தியாக வேண்டும். தளர்ந்த ஹார்னஸ் எந்த பெல்ட்டையும்விட மோசம்: உடல் முதலில் முன்னால் பாயும், பிறகு வெட்டி இழுக்கப்படும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மத்திய மோட்டார் வாகன விதிகளில் ரேஸ் ஹார்னஸ் என்று பெயர் சொல்லித் தடுக்கும் வரி இல்லை. ஆனால் 125ஆவது விதிப்படி பெல்ட்டுடன் காரைத் தர வேண்டியது தயாரிப்பாளர். 138ஆவது விதி கட்டச் சொல்வதும் அந்த பெல்ட்டைத்தான். அதைக் கழற்றி எறிந்துவிட்டு வேறொன்றை மாட்டியவர் போலீஸ்காரரிடம் பெல்ட் போட்டிருக்கிறேன் என்று வாதாடுவது கடினம். பெல்ட் இல்லாவிட்டால் 2019 திருத்தப்படி அபராதம் 1,000 ரூபாய்.

வாகனத்தை மாற்றியமைப்பது தனிக் கதை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவுப்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து ஆர்.சி. விவரங்கள் மாறுபடும்படி காரை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. ஹார்னஸுக்காகப் பின் இருக்கையைப் பிடுங்கிக் குறுக்குக் கம்பி வைத்தால் ஐந்து பேர் காரென்று ஆர்.சி. சொல்வது பொய்யாகிவிடும். அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது 182-ஏ பிரிவு.

பெல்ட் கட்டாவிட்டால் ஒலிக்கும் அலாரம் முன் இருக்கைகளுக்கு 2019 ஜூலையிலிருந்து கட்டாயம். ஹார்னஸ் மாட்டியவர் அதன் வாயை அடைக்கப் போலிக் கொக்கி தேடுவார். 2023 மே மாதத்தில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அந்தக் கொக்கிகளை விற்ற ஐந்து இணைய வணிக நிறுவனங்கள் மீது உத்தரவு போட்டது. 13,118 விற்பனைப் பட்டியல்கள் நீக்கப்பட்டன.

ஐரோப்பாவில் நிலைமை கொஞ்சம் வேறு. ஐ.நா.வின் 16ஆம் எண் விதிமுறை ஹார்னஸ் பெல்ட்டையும் ஒரு வகையாக ஏற்கிறது. அந்த முத்திரை பெற்று, குறிப்பிட்ட காருக்கென்றே தயாரான ஹார்னஸ்கள் அங்கே விற்கின்றன. வெறும் பந்தய முத்திரை மட்டும் உள்ளதற்கு அங்கும் சாலையில் மதிப்பில்லை.

அப்படியானால் ஆசையை அடக்கிக்கொள்வது ஒன்றுதான் வழியா? இல்லை. கர்நாடகா மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்தும் கே-1000 ராலியில் ஹார்னஸ் கட்டாமல் யாரும் ஓட முடியாது. ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையிலும், கோவை கரி பந்தயத் தளத்திலும் ஓட்ட வாய்ப்பு இருக்கிறது. அங்கே போகிறவர்கள் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும். கம்பெனி பெல்ட்டைக் கழற்றவோ வெட்டவோ கூடாது. சாலையில் வரும்போதும் போகும்போதும் கட்ட வேண்டியது அதுதான். வாங்கும் ஹார்னஸில் எஃப்.ஐ.ஏ. லேபிளும், எந்த ஆண்டுக்குப் பிறகு செல்லாது என்ற தேதியும் இருக்க வேண்டும். நைந்தாலோ, பெரிய மோதலைச் சந்தித்தாலோ அதைத் தூக்கி எறிந்துவிட வேண்டும். பொருத்தும் வேலையைப் பந்தயக் கார் கட்டுகிறவரிடம் கொடுக்க வேண்டும், சீட் கவர் தைப்பவரிடம் அல்ல.

மற்றவர்களுக்கு ஒரு புள்ளிவிவரம். 2022இல் இந்தியச் சாலைகளில் பெல்ட் கட்டாமல் இறந்தவர்கள் 16,715 பேர். அவர்களில் 8,331 பேர் பயணிகள். அதே ஆண்டு செப்டம்பரில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி பால்கர் அருகே இறந்தபோது, விலை உயர்ந்த காரின் பின் இருக்கையில் பெல்ட் இருந்தது, அவர் கட்டியிருக்கவில்லை. அந்த பெல்ட் நம் காரிலும் இருக்கிறது, பல வீடுகளில் சீட் கவருக்கு அடியில் புதைந்து. அதை வெளியே எடுக்க ஜே.சி. சாலைக்குப் போக வேண்டியதில்லை.