சரித்திரத்துக்குள் வீடு வந்த கதை

1876 பிப்ரவரி முதல் தேதி. திருவாவடுதுறையில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மூச்சு அடங்கிக்கொண்டிருக்கிறது. மாணவர் சவேரிநாத பிள்ளை அவரைத் தாங்கிப் பிடித்திருக்கிறார். இருபத்தொரு வயது இன்னும் நிரம்பாத மாணவர் சாமிநாதன் பக்கத்தில் இருந்து திருவாசகத்தின் அடைக்கலப்பத்தைப் படிக்கிறார். ‘என் சரித்திரம்’ நூலில் இந்த இடத்தை எத்தனை முறை படித்தாலும் தொண்டை அடைக்கும். 1940 முதல் ஆனந்த விகடனில் வாரந்தோறும் அதை எழுதியபோது உ.வே.சாமிநாதையருக்கு வயது எண்பத்தைந்தை ஒட்டி. ஆசிரியர் போய் அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் துக்கம் ஆறவில்லை. வேங்கடராமன் என்ற பெயரை மாற்றிச் சாமிநாதன் என்று அழைத்தவர் அந்த ஆசிரியர்தான். ஐயர் தம் வாழ்க்கையில் மிக அதிகமாக நேசித்த மனிதர் அவரே என்று அந்த நூலை வைத்துத் தயங்காமல் சொல்லலாம்.

அதே நூலில் ஐயரின் மனைவியைத் தேடினால் கல்யாண அத்தியாயத்தில் கிடைப்பார். 1868இல் நடந்த கல்யாணம். பையனுக்கு அப்போது பதினான்காம் வயது. அந்தக் காலத்துக் கல்யாணம் எப்படி நடக்கும், செலவு எங்கிருந்து வந்தது என்றெல்லாம் விரிவாக எழுதுகிறார் ஐயர். அதன் பிறகு அந்த அம்மாள் ஏறக்குறைய மறைந்துபோகிறார். அப்பா மறையவில்லை. மகனின் படிப்புக்காக ஊர் ஊராகக் குடி பெயர்ந்த அந்தச் சங்கீத வித்துவான் பக்கத்துக்குப் பக்கம் இருக்கிறார். அம்மாவும் உண்டு. மனைவிக்குத்தான் இடமில்லை.

இதை ஐயரின் கல்நெஞ்சு என்று சொன்னால் பெரும்பாவம். அன்றைய வீட்டில் கணவன் பெயரை மனைவி சொல்ல மாட்டாள். ‘ஏன்னா’, ‘இங்க பாருங்க’ என்பதே கூப்பிடும் முறை. கணவனோ மூத்த பிள்ளையின் பெயரைச் சொல்லி, அந்தக் குரல் மனைவிக்கானது என்று அவளுக்குப் புரியும்படி வைப்பான். கூடத்தில் பெரியவர்கள் இருக்க இருவரும் பேசிக்கொள்வதே அரிது. அப்படிப் பழகிய நாக்கு, பல்லாயிரம் பேர் படிக்கும் வாரப் பத்திரிகையில் மனைவியைப் பற்றி என்ன பேசும்? ஊருக்குச் சொல்லக்கூடியதுதான் சரித்திரம். குருபக்தியைச் சொல்லலாம், தந்தையின் தியாகத்தைச் சொல்லலாம். அகம் அகத்திலேயே இருக்க வேண்டும்.

சொல்லாமல் இருக்க முடியாதவர்கள் என்ன செய்தார்கள்? நாவல் எழுதினார்கள்.

அ. மாதவையா 1892இல் ‘விவேக சிந்தாமணி’யில் ‘சாவித்திரி சரித்திரம்’ என்ற தொடரைத் தொடங்கினார். அது பாதியில் நின்றுபோனது. 1903இல் ‘முத்துமீனாட்சி’ என்ற நூலாக வந்தது. ஒரு பிராமணப் பெண்ணின் சுயசரிதை என்று அதற்குத் துணைப்பெயர். குழந்தைப் பருவத்தில் கல்யாணமாகி, மாமியார் வீட்டில் வதைபட்டு, விதவையாகி, மறுமணம் வரை போகும் பெண் தன் கதையைத் தானே சொல்கிறாள். எழுதியவர் உப்பு இலாகா அதிகாரி. தம் பெயரையும் போட்டுக்கொள்ளவில்லை. அன்று ஒரு விதவைப் பெண் இதையெல்லாம் தன் சொந்தப் பெயரில் சொல்லியிருந்தால் அவளுடைய வீடு அவளை என்ன செய்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். உண்மையாக நடந்ததைக் கதை என்று சொல்லித்தான் வெளியே கொண்டுவர முடிந்தது. தமிழ் நாவலின் முதல் ஐம்பது ஆண்டுகளில் அதன் பெரிய பயன் இதுவே என்று நான் நம்புகிறேன். வீட்டில் வாய் திறக்க முடியாதவர்களுக்கு அது ஒரு திண்ணையாக இருந்தது.

புதுமைப்பித்தனின் ‘செல்லம்மாள்’ நாவல் இல்லை, சிறுகதை. ஆனாலும் அதை விட்டுவிட்டு இந்தப் பேச்சைத் தொடர மனம் வரவில்லை. சென்னையில் ஜவுளிக்கடைச் சிப்பந்தியாக இருக்கும் பிரமநாயகம் பிள்ளையின் மனைவி இறந்துபோகிறாள். சொந்த ஊர் தூரத்தில். பக்கத்தில் உறவு என்று ஒருவர் இல்லை. பிணமாகக் கிடக்கும் மனைவியை அவர் ஒற்றையாளாகக் குளிப்பாட்டுகிறார். நோயாளியைக் கவனித்துக் கவனித்துப் பழகிய கை, இப்போதும் அதே நிதானத்தோடு வேலை செய்கிறது. அழுகை இல்லை, அன்பைப் பற்றி ஒரு பேச்சு இல்லை. அவளுக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளட்டும் என்று கடையிலிருந்து புடவைகளைக் கொண்டுவந்து காட்டுவது ஒன்றே அந்த வீட்டில் நடக்கும் கொஞ்சல். தமிழ்க் கணவன் மனைவிமேல் வைத்த அன்பை இதைவிட நெருக்கமாகக் காட்டிய பக்கங்களை நான் படித்ததில்லை.

அதே புதுமைப்பித்தன் தம் மனைவி கமலாவுக்கு எழுதிய கடிதங்கள் பின்னாளில் ‘கண்மணி கமலாவுக்கு’ என்ற தொகுப்பாக வந்தன. அவர் சென்னையில் பத்திரிகை வேலையில், கமலா பல காலம் தென்கோடியில். பணம் வரவில்லை, உடம்பு சரியில்லை, வீடு பார்க்கிறேன், சீக்கிரம் அழைத்துக்கொள்கிறேன் என்று போகும் கடிதங்கள். நடுநடுவே பொங்கி வரும் பாசம். 1948 ஜூன் 30 அன்று திருவனந்தபுரத்தில் காசநோயால் அவர் இறந்தார். அந்தக் கடிதங்கள் அச்சுக்காக எழுதப்பட்டவை அல்ல. கமலா சிறுகதை எழுதியவர். அவரிடமும் சொல்ல எவ்வளவோ இருந்திருக்கும். நமக்குத் தொகுப்பாகக் கிடைத்திருப்பது கணவரின் குரல்.

பாரதியார் விஷயத்தில் இது வேறு மாதிரி நடந்தது. அவர் 1910லேயே தம் வாழ்க்கையைப் பாட்டாக எழுதிவிட்டார். ‘கனவு’ என்று பெயர். பிள்ளைப் பருவத்தில் ஒரு சிறுமிமேல் கொண்ட காதல், அவளை அல்லாமல் வேறொரு பெண்ணோடு நடந்த கல்யாணம், எட்டயபுரத்தில் அப்பா சின்னசாமி ஐயர் தொடங்கிய பஞ்சாலை நொடித்து அவர் ஏழையாகி இறந்தது எல்லாம் அதில் இருக்கின்றன. காதலும் இழப்பும் இவ்வளவு வெளிப்படையாக அன்று யார் எழுதினார்கள்? ஆங்கிலேய அரசு அந்த நூலுக்குத் தடை போட்டது.

ஆனால் பாரதியை நம் வீட்டு மனிதராக ஆக்கியவர் அவர் மனைவி செல்லம்மா. சமையலுக்கு வைத்திருந்த அரிசியை எடுத்துக் குருவிகளுக்கு இறைத்த கணவரைத் தமிழ்நாடே அறியும். அந்தக் காட்சி அவர் சொன்ன நினைவுகளிலிருந்து வந்தது. கணவர் இருந்தவரை கடன் கேட்டு அரிசி வாங்கிய பெண், அவர் போன பின் நூல்களைப் பதிப்பிக்கப் பாடுபட்டார். 1951இல் திருச்சி வானொலியில் ‘என் கணவர்’ என்று பேசினார். மகள் சகுந்தலா ‘என் தந்தை’ எழுதினார். புதுச்சேரியில் பாரதியின் மடியில் விளையாடிய யதுகிரி அம்மாளும் நினைவுகளை எழுதினார். பெண்கள் நினைவெழுத்துக்குள் வந்த வழி அன்று இது ஒன்றுதான்: பெரிய மனிதர் ஒருவரின் மனைவி, மகள், மகள்போல் பழகியவர். அவரைப் பற்றிச் சொல்லும் சாக்கில் தம்மையும் கொஞ்சம் சொல்லிக்கொண்டார்கள். பட்டினி கிடந்தது யார் என்று கேட்டுக்கொண்டே செல்லம்மாவைப் படித்தால் அங்கே இரண்டு பேருடைய சரித்திரம் இருக்கும்.

ஆண்களில் வழக்கத்தை மீறியவர் திரு.வி.க. 1912இல் கல்யாணம், 1918இல் மனைவி கமலாம்பிகை மரணம், பெற்ற இரு குழந்தைகளும் தங்கவில்லை. 1944இல் வந்த ‘வாழ்க்கைக் குறிப்புக’ளில் அந்த ஆறு வருடத்துக்கு அவர் கொடுத்த மரியாதை, வேறு பலர் அறுபது வருட இல்லறத்துக்குக் கொடுத்ததைவிடப் பெரிது. கண்ணதாசன் ‘வனவாச’த்தில் எல்லாவற்றையும் கொட்டினார் என்பார்கள், ஆனால் தம்மை ‘அவன்’ என்றே எழுதினார். சுவீகாரம் போன பிள்ளையின் வலியை ‘நான்’ என்று சொல்ல அவருக்கும் ஏதோ தடுத்திருக்கிறது.

திருப்பம் 1992இல். பாமாவின் ‘கருக்கு’. உ.வே.சா.வின் நூலுக்கும் இதற்கும் நடுவே இருப்பது ஐம்பது வருடம். தூரமோ அதைவிடப் பெரிது. பெரிய மனிதர் யாரும் இல்லை. சாதித்த கதை இல்லை. தெரு, சேரிக்காரர்களின் பேச்சு, கம்மாய், காட்டுக்குப் போய் விறகு பொறுக்கியது, வடைப் பொட்டலத்தைக் கயிற்றில் தொங்கவிட்டு மேல்சாதிக்காரரிடம் கொடுக்கப் போன ஊர்ப்பெரியவரைப் பார்த்த சிறுமி, கன்னியர் மடத்தை விட்டு வெளியே வந்து திக்கற்று நிற்கும் பெண். எல்லாம் பேச்சுத் தமிழில். நூல் வந்தபோது சொந்த ஊர்க்காரர்களே கோபப்பட்டார்கள். சில மாதம் பாமா ஊருக்குள் போக முடியவில்லை. வீட்டுக் கதையை வெளியே சொன்னவர் மேல் எழும் கோபம் அது. பிறகு அதே ஊர் அந்த நூலைத் தன்னுடையதாக ஏற்றுக்கொண்டது.

அதன் பின் கதவு சாத்தப்படவில்லை. கே.ஏ. குணசேகரனின் ‘வடு’ வந்தது. திருநங்கை ரேவதியின் ‘வெள்ளை மொழி’யில் குடும்பம் என்பதே வேறு பொருள் கொள்கிறது. அடித்து விரட்டுவதும் அதே வீடு, மீண்டும் மீண்டும் போய் நிற்கச் சொல்லி மனம் இழுப்பதும் அதே வீடு. இந்த நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2010இல் முதலில் வந்தது. தமிழ் மூலம் அதற்குப் பின்புதான் தமிழர் கைக்கு வந்தது. அதை எண்ணும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அம்மாவிடம் மன்றாடுவது போன்ற பக்கங்கள் அம்மா பேசும் மொழியில் முதலில் வந்திருக்க வேண்டும்.

இன்று அம்மாதான் நினைவெழுத்தின் நாயகி. பெருமாள்முருகன் தம் தாயைப் பற்றி எழுதிய ‘தோன்றாத் துணை’ அந்த வரிசையில் என் மனதுக்கு நெருக்கமானது. மேட்டாங்காட்டில் ஆடும் மாடுமாகப் பாடுபட்ட ஒரு பெண்ணை, அவள் செய்த வேலைகளின் வழியே மகன் காட்டுகிறார். அம்மா தெய்வம், அம்மா தியாகி என்று உருகும் பழைய பாட்டு அதில் இல்லை. அவளுக்குக் கணக்கு உண்டு, பிடிவாதம் உண்டு, மகனோடு ஒத்துப்போகாத கருத்தும் உண்டு.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ‘தோன்றாத் துணை’ யாரையும் கோபப்படுத்தவில்லை. அதே எழுத்தாளர் 2010இல் எழுதிய ‘மாதொருபாகன்’ நாவல்தான் 2014 இறுதியில் அத்தனை கொந்தளிப்பைக் கிளப்பியது. காளியும் பொன்னாவும் ஒருவரை ஒருவர் உயிராக நேசிக்கும் தம்பதி, பிள்ளையில்லை, ஊரின் ஏச்சு அவர்களைப் பிரிக்கிறது. தமிழில் வந்த நல்ல காதல் கதைகளில் ஒன்று. அது எங்கள் ஊர், எங்கள் சாதி, எங்கள் பாட்டிகளைப் பற்றிய பேச்சு என்று சொல்லி எதிர்த்தார்கள். இனி எழுதவே மாட்டேன் என்று எழுத்தாளர் அறிவிக்க வேண்டி வந்தது. 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்த பிறகே மீண்டும் எழுத வந்தார். மாதவையா காலத்தில் உண்மைக்குப் புகலிடம் கொடுத்தது நாவல். இன்று நாவலைத்தான் வம்சாவளிப் பத்திரம் போலப் பிரித்துப் படித்து, யார் வீட்டுப் பெண் என்று தேடுகிறார்கள்.

துக்கம் வெளியே வந்துவிட்டது. அதில் எனக்குச் சந்தேகமில்லை. முன்பு கருமாதி அன்று பணம் உள்ளவர்கள் நினைவு மலர் போடுவார்கள். அதில் மறைந்தவர் கட்டிய வீடும் வகித்த பதவியும் இருக்கும். இப்போது இறந்த அன்று இரவே மகளோ பேரனோ ஃபேஸ்புக்கில் எழுதும் பத்து வரியில் அவர் சாப்பிட்ட விதமும், கடைசியாகக் கேட்ட பாட்டும் வருகின்றன. பல சமயம் அந்தப் பத்து வரி பல மலர்களைவிட மேல். ஆனால் கணவன் மனைவியைப் பற்றி, மனைவி கணவனைப் பற்றி, இருவரும் வாழ்ந்த வாழ்க்கையை மனம் திறந்து எழுதிய தன்வரலாறு எத்தனை? திரு.வி.க. நின்ற இடத்தைத் தாண்டி நாம் வெகுதூரம் போய்விடவில்லை. அம்மாவைப் பற்றி எழுதுகிறோம்; அம்மாவும் அப்பாவும் ஒருவரை ஒருவர் எப்படி வைத்திருந்தார்கள் என்ற இடத்தில் பேனா நழுவிவிடுகிறது.

போன கோடையில் மன்னார்குடிப் பக்கம் இருக்கும் என் அத்தையிடம் போனை வைத்துக்கொண்டு பழைய கதைகளைப் பேசச் சொன்னேன். மாமா காலமாகிச் சில வருடம் ஆகிறது. குறுவை, சம்பா, பவுன் விலை, பெரிய புயல் என்று சரளமாகப் போனார். மாமாவிடம் வந்ததும் குரல் தணிந்தது. ஒரு பங்காளிச் சண்டையில் அத்தை தன் அண்ணன் பக்கம் பேசிவிட்டதற்காக மாமா மாதக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தாராம். வீட்டில் ஒருவருக்கும் தெரியாது; மற்றவர் எதிரே வழக்கம்போலத் தண்ணீர் கேட்பார், இவரும் கொண்டுபோய் வைப்பார். ஒருநாள் அறுப்புக்களத்திலிருந்து வந்தவர், உள்ளங்கையில் நான்கு நெல்மணியை வைத்து நீட்டி, “பால் கட்டியிருக்கா பாரு” என்றாராம். “அறுத்த நெல்லுல பால் கட்டியிருக்கான்னு கேக்குறாரு. எனக்குச் சிரிப்பு வந்துட்டுது. அதோட சரியாப்போச்சு” என்றார் அத்தை.

பேசியதையெல்லாம் எழுதிக் குடும்பத்துக்கென்று ஒரு சின்னப் புத்தகம் போடலாமா என்று கேட்டேன். சம்மதித்தார். எழுந்து உள்ளே போனவர் நிலைப்படியில் நின்று சொன்னார்: “உங்க மாமா பேசாம இருந்தத மட்டும் எடுத்துடுப்பா. பேரன் பேத்தியெல்லாம் படிக்கும். வேணும்னா அத வேற பேரு வச்சுக் கதையா எழுதிக்க.”