குழந்தைகளுக்கான கொடைப் போர்வை (குரோசே)

குழந்தைகளுக்கான கொடைப் போர்வை என்பது, குறைமாதத்தில் பிறந்த அல்லது நோயுற்ற குழந்தைகளுக்காகத் தன்னார்வலர்கள் கையால் செய்து, மருத்துவமனைகளுக்கும் காப்பகங்களுக்கும் விலையின்றி வழங்கும் சிறு போர்வை ஆகும். இவற்றுள் பல குரோசே எனப்படும் கொக்கிப் பின்னல் முறையில் செய்யப்படுகின்றன. சுவெட்டர் பின்ன இரண்டு ஊசிகள் வேண்டும். குரோசேக்கு முனையில் கொக்கியுள்ள ஒரே ஊசி போதும். சிறு கொக்கி எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லே இப்பெயரின் மூலம்.

வரலாறு

1995 ஆம் ஆண்டு அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தைச் சேர்ந்த கேரன் லவுக்ஸ், வேதிச்சிகிச்சை பெற்ற ஒரு சிறுமிக்கு அவளுடைய போர்வை ஆறுதலாக இருந்தது என்ற செய்தியை இதழ் ஒன்றில் படித்தார். டென்வர் நகரிலுள்ள குழந்தைகள் புற்றுநோய் மையத்துக்குக் கையால் செய்த போர்வைகளை வழங்க முடிவு செய்தார். இதுவே 'புராஜெக்ட் லைனஸ்' அமைப்பின் தொடக்கம். சார்லசு சுல்சின் 'பீனட்ஸ்' சித்திரக்கதையில் எப்போதும் போர்வையுடன் திரியும் சிறுவனே லைனஸ்.

சென்னையில் 2016 ஆம் ஆண்டு 'மதர் இந்தியாஸ் குரோசே குயின்ஸ்' குழுவினர் தனித்தனியாகப் பின்னிய போர்வைகளை இணைத்து, 11,148.5 சதுர மீட்டர் பரப்புள்ள குரோசே போர்வையை உருவாக்கிக் கின்னஸ் சாதனை படைத்தனர்.

பயன்கள்

37 வாரங்கள் நிறைவதற்குள் பிறக்கும் குழந்தை குறைமாதக் குழந்தை எனப்படுகிறது. இத்தகைய குழந்தை இன்குபேட்டரில் இருக்கும்போது, கண் கூசும் வெளிச்சத்தைக் குறைக்க அதன்மேல் போர்வை விரிக்கப்படுவதுண்டு. சில மருத்துவமனைகளில் ஒரே மாதிரியான இரு சிறு துண்டுகள் தரப்படுகின்றன. ஒன்றைத் தாய் தன் மார்போடு வைத்திருப்பார். மற்றொன்று குழந்தையின் அருகில் இருக்கும். பின்னர் இரண்டையும் மாற்றிக்கொள்வதால், பிரிந்திருக்கும் இருவரும் ஒருவர் மணத்தை மற்றவர் உணர முடிகிறது. குழந்தை பிழைக்காவிடில் ஒரு துண்டு குழந்தையுடன் செல்லும்; மற்றது பெற்றோரிடம் நினைவாக எஞ்சும்.

பின்னும் முறை

சங்கிலிப் பின்னலில் தொடங்கி, அதன்மேல் வரிசை வரிசையாகப் பின்னப்படுகிறது. மென்மையான நூலும் 4 முதல் 5 மில்லிமீட்டர் ஊசியும் தொடக்கநிலையினருக்கு ஏற்றவை. வெப்பமான ஊர்களுக்குப் பருத்தி நூலே நல்லது. அது வியர்வையை உறிஞ்சும், அடிக்கடி துவைக்கவும் தாங்கும். பிரித்தானிய முறையில் 'இரட்டைப் பின்னல்' எனப்படுவது அமெரிக்க முறையில் 'ஒற்றைப் பின்னல்' ஆகும். எனவே, செய்முறைக் குறிப்பு எம்முறையில் எழுதப்பட்டது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

பாதுகாப்பு

• குழந்தையின் விரல் சிக்கும் அளவு பெரிய துளைகள் கூடாது. சரிகைபோன்ற பின்னலைவிட நெருக்கமான பின்னலே ஏற்றது.
• பொத்தான், மணி, நாடா, குஞ்சம் ஆகியவற்றைச் சேர்க்கக் கூடாது.
• மயிரிழை உதிரும் நூலைத் தவிர்க்க வேண்டும்.
• நூல் முனைகளைப் பின்னலுக்குள் நன்கு செருகி மறைக்க வேண்டும்.
• நறுமணம் சேர்க்காமல் துவைத்து, நன்கு உலர்த்தித் தர வேண்டும்.

ஒரு வயது நிறையாத குழந்தை தூங்கும்போது படுக்கையில் தளர்வான போர்வை இருத்தல் ஆகாது. அது முகத்தை மூடினால் மூச்சுத் திணறும். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகமும் இவ்வாறே அறிவுறுத்துகிறது. ஆகவே, வீட்டில் இப்போர்வை மடியில் வைத்திருக்கும்போது போர்த்தவும், விழித்திருக்கும் குழந்தையைப் பெரியவர் கண்பார்வையில் கிடத்த விரிப்பாகவும் மட்டுமே பயன்பட வேண்டும். இதை ஒரு சிறு சீட்டில் தமிழில் எழுதிப் போர்வையுடன் இணைப்பது நன்று.

அளவு, நூல் வகை, துவைக்கும் முறை ஆகியவற்றில் மருத்துவமனைக்கு மருத்துவமனை விதிகள் மாறும். சில இடங்களில் வெளியிலிருந்து வரும் துணிகளை ஏற்பதே இல்லை. பின்னத் தொடங்கும் முன்பே செவிலியரிடம் கேட்டறிந்தால், உழைப்பு அலமாரியில் முடங்காமல் குழந்தையைச் சென்றடையும்.