மண்ணால் மனை கட்டும் தகைவிலான்

மாலை வேளையில் வயல்களுக்கும் குளங்களுக்கும் மேலாக வளைந்து வளைந்து பறக்கும் சிறு குருவியொன்றை வாசகர்களிற் பலர் கண்டிருப்பர். முதுகு மின்னும் கருநீலம், வயிறு செம்பழுப்பு, வாலோ கவர்பட்டது. இதுவே இலங்கைத் தகைவிலான். 1849ஆம் ஆண்டில் எட்வேட் பிளைத் என்னும் விலங்கியலறிஞர் இதனை விவரித்துப் பெயரிட்டார். குளிர்காலத்தில் வடநாடுகளிலிருந்து வந்து மீளும் தகைவிலான்களும் உள. இதுவோ ஆண்டு முழுவதும் நம்முடனேயே வாழ்வது. உலகில் வேறெங்கும் இவ்வினம் கூடு கட்டுவதில்லை.

இதன் உணவு பறக்கும் பூச்சிகளே. ஈ, கொசு, ஈசல் முதலியவற்றை அகன்ற வாயினால் பறந்தவாறே பற்றிக்கொள்ளும். நீர் அருந்துவதும் அவ்வாறே. குளத்தின் மேற்பரப்பைத் தொட்டும் தொடாமலும் சென்று ஒரு மிடறு அள்ளிக்கொள்ளும். மழைக்கு முன் பூச்சிகள் தாழப் பறக்கும்போது இதுவும் தாழ இறங்கும். சிங்கள மக்கள் தகைவிலானை 'வெஹி லிஹினியா', அதாவது மழைக்குருவி, என அழைக்கின்றனர்.

வானமே வாழ்விடமான இப்பறவை, மனை கட்டும் காலத்தில் மண்ணை நாடி இறங்குகின்றது. சேற்றோரத்திலிருந்து ஈரமண்ணைச் சிறு சிறு உருண்டைகளாக அலகில் ஏந்திவந்து, பாலத்தின் அடியிலோ, பாறைக் குடைவிலோ, வீட்டுக் கூரையின் கீழோ ஒட்டுகின்றது. நூற்றுக்கணக்கான உருண்டைகள் சேர்ந்த பின்னரே கூடு உருப்பெறும். கிடத்திவைத்த கூசாவைப் போன்ற அதன் நீண்ட கழுத்தே வாயில். உள்ளே புல்லும் இறகும் பரப்பிய மெத்தையில் இரண்டு அல்லது மூன்று வெண்ணிற முட்டைகள் இடப்படும். குஞ்சு பொரித்ததும், பெற்றோர் பிடித்த பூச்சிகளை வாய்நிறையச் சேர்த்து வந்து ஊட்டும்.

கூரையடியில் எச்சம் விழுகின்றதே என்று, ஒட்டடைக் கம்பினால் இக்கூட்டைத் தட்டிவிடுவோர் உளர். பல நாள் உழைப்பு ஒரு நொடியில் உதிர்ந்துவிடும். மீண்டும் கட்டுவதற்கு ஈரமண் வேண்டும். கோடை முற்றிச் சேறு காய்ந்துவிட்டால் அதற்கும் வழியில்லை. கூடு தப்பினாலோ, அதனையே செப்பனிட்டு மறுபருவத்திலும் குடியிருத்தல் கூடும்.

எச்சத்தைத் தாங்க, கூட்டின் கீழே ஒரு சிறு பலகை பொருத்தினாற் போதும். நாளெல்லாம் நம் முற்றத்துக் கொசுக்களைப் பிடித்துண்ணும் விருந்தாளிக்கு அவ்வளவு இடந்தருவது பெரிய காரியமன்று. இல்லத்துச் சிறுவர்களுக்கோ, கூரையடியிலேயே ஓர் இயற்கைப் பாடசாலை கிடைத்துவிடும்.