செயலிக்குள் இணையப்பக்கம்: பாடத் தூய்மையும் பாதுகாப்பும்

திறவுச்சொற்கள்: கைப்பேசிச் செயலி, வெப்வியூ, பாடத் தூய்மை, தமிழ்க் களப்பெயர், ஒருங்குறி

முன்னுரை

அகராதி, உரைநூல், சுவடிப்படம் ஆகியவற்றைக் கைப்பேசியில் தரும் செயலிகள் எல்லாம் தம் உள்ளடக்கத்தைத் தம்முள்ளேயே கொண்டிருப்பன அல்ல. இணையதளப் பக்கம் ஒன்றை வருவித்துத் தம் சாளரத்திற்குள் காட்டுவனவும் உள. ஆண்ட்ராய்டில் இதற்கென அமைந்த கூறு வெப்வியூ. ஐபோனில் 2014 முதல் டபிள்யூ.கே.வெப்வியூ. தளத்தில் ஒரு சொல்லைத் திருத்தினால் செயலியிலும் அது திருந்திவிடும். இவ்வசதி கருதியே மின்னாக்கத் திட்டங்களில் ஈடுபடுவோர் இம்முறையை எளிதில் தேர்கின்றனர்.

உலாவியில் படிக்கும் வாசகர் முகவரிப் பட்டையைப் பார்த்து, தாம் எங்கே இருக்கிறோம் என அறியலாம். செயலிக்குள் பெரும்பாலும் அப்பட்டை இல்லை. செயலியின் மேல் வைத்த நம்பிக்கையையே வாசகர் அதனுள் தோன்றும் பக்கத்தின் மேலும் வைக்கிறார். ஆகவே, எப்பக்கம் நம்பத்தக்கது என்று வாசகர் செய்துவந்த தீர்ப்பு, செயலியை உருவாக்குவோரின் கடமையாக மாறுகிறது. அக்கடமை தவறும் இடங்களுள் முதன்மையானவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

வழியில் மாறும் பாடம்

ஏடெழுதுவோரால் பாடம் திரிவதைப் பதிப்பாசிரியர் நன்கு அறிவர். மறைகுறியாக்கம் இல்லாத எச்.டி.டி.பி. வழியே வரும் பக்கத்திற்கும் இத்தகைய இடர் உண்டு. வழங்கிக்கும் கைப்பேசிக்கும் இடையில் உள்ள எவரும் அதில் விளம்பரத்தையோ நிரலையோ சேர்க்கலாம். மூலத்தின் சொல்லையே மாற்றலாம். மாற்றியதற்கான தடயம் திரையில் இராது. இதனைத் தடுப்பது எச்.டி.டி.பி.எஸ். 2018இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 9, தன்னை இலக்காகக் கொண்டு உருவான செயலிகளில் மறைகுறியாக்கமற்ற இணைப்பை இயல்நிலையிலேயே தடுத்தது. எனினும் அத்தடையை நீக்கும் வாய்ப்பு நிரலாளரிடமே உள்ளது. சான்றிதழ்ப் பிழை எழும்போது 'தொடர்க' என ஒரே வரியில் எழுதிவிடும் பழக்கம் இதனினும் கேடானது. தளத்தின் சான்றிதழ் காலாவதியாகிவிட்டால் அதனைப் புதுப்பிப்பதே முறை. பிழையை வாய்மூடச் செய்தால், பூட்டைக் கழற்றிவிட்டுக் கதவு திறக்கிறது என்று மகிழ்வதாகவே முடியும்.

பாலமும் அதன் அளவும்

பக்கத்தில் உள்ள ஜாவாஸ்கிரிப்ட் நிரல், செயலியின் செயற்கூறுகளை அழைப்பதற்கு வெப்வியூ ஒரு பாலம் தருகிறது. வாசகர் தொட்ட சொல்லைக் கருவியில் சேமிப்பதற்கு இது பயன்படும். 2012இல் வந்த ஆண்ட்ராய்டு 4.2க்கு முன்னர், பாலத்தில் வைத்த பொருளின் பொதுச் செயற்கூறுகள் அனைத்தும் பக்கத்திற்குத் திறந்திருந்தன. அவற்றின் வழியே செயலியின் உரிமையோடு கட்டளைகளை இயக்கவும் இயன்றது. 4.2இலிருந்து, அப்பதிப்பை இலக்காகக் கொண்ட செயலிகளில், வெளிப்படையாகக் குறியிட்ட செயற்கூறுகள் மட்டுமே திறக்கின்றன.

ஆயினும் ஒரு குறை எஞ்சுகிறது. இப்பாலம் முதன்மைப் பக்கத்திற்கு மட்டும் உரியதன்று. அப்பக்கத்திற்குள் சட்டகமாகப் பதிந்துள்ள பிறருடைய பக்கங்களுக்கும் அது எட்டும். அழைப்பது யார் எனச் செயலியால் அறிய இயலாது. அகராதிப் பக்கத்தின் ஓரத்தில் விளம்பரச் சட்டகம் ஒன்று இருப்பின், சொல்லைச் சேமிக்கும் உரிமை அதற்கும் கிடைத்துவிடுகிறது. ஆண்ட்ராய்டெக்ஸ் நூலகத்தில் உள்ள செய்தி கேட்பி, எத்தளங்கள் பேசலாம் என்று முன்கூட்டியே வரையறுக்க இடந்தருவதால், அதனைக் கைக்கொள்வதே தக்கது. ஜாவாஸ்கிரிப்ட் தேவைப்படாத நூற்பக்கத்திற்கு அதனை இயக்காமலே விட்டுவிடலாம். வெப்வியூவின் இயல்நிலையும் அதுவே.

முகவரியை ஒப்பிடுதல்

தமிழ் எழுத்தை அறிந்தோரின் துணை இங்கு இன்றியமையாதது. தமக்குரிய தளம் மட்டுமே செயலிக்குள் திறக்கவேண்டும் என விதிக்கும் நிரலாளர், முகவரி 'சுவடி.இந்தியா' என முடிகிறதா என்று மட்டும் சோதிப்பதாகக் கொள்வோம். 'போலிச்சுவடி.இந்தியா' என்பதும் அவ்வாறே முடிகிறது! முகவரிக்குள் அப்பெயர் எங்கேனும் இடம்பெறுகிறதா எனப் பார்ப்பது இன்னும் தளர்ந்த சோதனை. களப்பெயரை முறையாகப் பிரித்தெடுத்து முழுமையாக ஒப்பிடவேண்டும்.

தமிழ்க் களப்பெயரில் இன்னொரு சிக்கலும் உண்டு. 'ஔவை' என்பதில் உள்ள ஔ ஒருங்குறியில் ஒற்றைக் குறி. 'ஒளவை' எனத் தட்டச்சிட்டால் ஒகரமும் ளகரமும் தனித்தனிக் குறிகள். அச்சிட்ட நூல்களிலேயே இவை மயங்கி வருவதை நாம் காண்கிறோம். தமிழ் எண் ௭ எகரத்தோடும், ௨ உகரத்தோடும், ௧ ககரத்தோடும் மயங்கும். கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் இவை கணினிக்கு வெவ்வேறு பெயர்கள். எனவே களப்பெயரை 'எக்ஸ்.என்.' என்னும் முன்னொட்டோடு தொடங்கும் பியூனிகோடு வடிவிற்கு மாற்றி ஒப்பிடுதல் வேண்டும். பதிவகங்கள் மயங்குபெயர்களுக்கு விதி வகுத்தாலும், ஒருவர் தம் களத்தின் கீழ் வைக்கும் துணைப்பெயர்களை அவ்விதிகள் முழுவதும் கட்டுப்படுத்துவதில்லை.

இச்சோதனையை வைக்கும் இடமும் கருதத்தக்கது. ஆண்ட்ராய்டில் இணைப்பைத் தொடும்போது எழும் அழைப்பு, 'போஸ்ட்' முறையில் அனுப்பும் படிவங்களுக்கு எழுவதில்லை.

உட்பொதியாமை

பிறருடைய தளத்தைத் தம் செயலிக்குள் காட்டவே வேண்டுமா என்னும் வினா முதலில் எழவேண்டியது. நடைமுறையில் அது இறுதியிலேயே எழுகிறது. வெப்வியூவைக் கொண்டுள்ள செயலி, அதனுள் தோன்றும் எப்பக்கத்திலும் தன் நிரலைச் செலுத்தலாம். வாசகர் தட்டும் கடவுச்சொல்லையும் படிக்கலாம். இக்காரணம் பற்றியே கூகுள் தன் கணக்கு நுழைவை உட்பொதிந்த சாளரங்களில் நிறுத்துவதாக 2016இல் அறிவித்தது. பெரிய சமூக ஊடகச் செயலிகள் சில, தம்முள் திறக்கும் பிற பக்கங்களில் நிரல் செலுத்துவதை ஃபெலிக்ஸ் கிராவுசே 2022இல் வெளிப்படுத்தினார். மேற்கோள் இணைப்பு, நூலக உறுப்பினர் நுழைவு போன்றவற்றிற்கு 2015இல் அறிமுகமான குரோம் கஸ்டம் டேப்ஸ், ஐபோனின் சஃபாரிக் காட்சிச் சாளரம் ஆகியவை பொருந்தும். இவற்றில் பக்கம் உலாவியின் பொறுப்பில் திறக்கிறது. முகவரியின் களப்பெயர் வாசகர் கண்முன் நிற்கிறது. செயலியால் உள்ளே நுழைய இயலாது. தோற்றம் சற்று வேறுபடும் என்பது உண்மை. அவ்வேறுபாட்டைக் கண்டே வாசகர் தாம் வேறோர் இடத்திற்கு வந்திருப்பதை அறிகிறார்.