தலை நிற்காத பாம்பு

கல்லூரியில் படிக்கும் மகன் ‘பால் பைத்தான்’ (Ball Python) என்ற பாம்பு வேண்டும் என்று அடம்பிடிப்பதாகக் கோவை வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். “விஷமில்லை, சத்தம் போடாது, வாரத்துக்கு ஒரு எலி போதும் என்கிறான். வளர்க்கலாமா?” என்று கேட்கிறார்.

முதலில் சட்டம். நாகம், சாரை, மலைப்பாம்பு போன்ற நம் நாட்டுப் பாம்புகளை வீட்டில் வைத்திருப்பது குற்றம். வெளிநாட்டுப் பாம்புகளில் சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் வணிகத்துக்கான பன்னாட்டு ஒப்பந்தம்) பட்டியலில் உள்ளவற்றை, 2022-ல் திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நான்காம் அட்டவணையில் சேர்த்துவிட்டது. பால் பைத்தானும் அதில் அடக்கம். அதை வைத்திருப்பவர் பதிவு செய்தே ஆகவேண்டும். 2023 ஜூலையில் கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு வந்திறங்கிய ஒரு பயணியின் பெட்டியைச் சுங்கத்துறையினர் திறந்தபோது 47 மலைப்பாம்புகளும் இரண்டு பல்லிகளும் இருந்தன. கள்ளச் சந்தைக்குச் சரக்கு வரும் வழி இதுதான்.

பால் பைத்தான், கானா, டோகோ, பெனின் நாடுகளின் புல்வெளிகளில் வாழும் சிறிய மலைப்பாம்பு. வளர்ந்தாலும் பெரும்பாலும் ஐந்தடிக்குள்தான். பகலெல்லாம் கரையான் புற்றிலோ எலி வளையிலோ கிடந்து, இரவில் இரை தேடும். உதட்டோரக் குழிகளால் எலியின் உடற்சூட்டை இருட்டிலும் உணரும். பயந்தால் கடிக்கப் பாய்வதைவிட, தலையை நடுவில் ஒளித்துக்கொண்டு பந்தாகச் சுருண்டுவிடுவதே அதன் வழக்கம். அந்தச் சாதுத்தனமே அதற்கு வினையானது. 1970-களிலிருந்து மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஏற்றுமதியான பால் பைத்தான்கள் முப்பது லட்சத்துக்கும் மேல். ஆயுளும் நீளம். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் விலங்குக் காட்சியகத்தில் அறுபது வயது தாண்டிய பெண் பாம்பு ஒன்று, பல ஆண்டுகளாக ஆண் துணையே இல்லாமல், 2020-ல் ஏழு முட்டைகள் இட்டது. இருபது வயதில் வாங்குகிறவர், ஐம்பதைத் தொடும்போதும் அதற்கு எலி தேடவேண்டியிருக்கலாம்.

இந்தப் பாம்பில் என் மனதை விட்டு அகலாதது ‘ஸ்பைடர்’ என்ற வகை. பால் பைத்தான் வளர்ப்பவர்கள் நிறத்துக்காகவும் கோலத்துக்காகவும் தலைமுறை தலைமுறையாக இணைசேர்த்து நூற்றுக்கணக்கான வகைகளை உருவாக்கியிருக்கிறார்கள். ஸ்பைடரின் மூலம் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஒரே ஒரு பாம்பு. 1999-ல் அமெரிக்காவில் அதன் வாரிசுகள் பிறந்தன. தேன் நிற உடம்பில் மெல்லிய கருங்கோடுகள் சிலந்தி வலை போல ஓடும். பார்க்க அழகுதான், சந்தேகமில்லை.

அதற்கு இரை கொடுக்கும்போது கவனித்தால் விஷயம் தெரியும். சாதாரண பால் பைத்தான் கழுத்தை வளைத்துப் பின்னிழுத்து, குறி பார்த்து, கண்ணிமைக்கும் நேரத்தில் எலியைப் பற்றிவிடும். ஸ்பைடரின் தலையோ நடுங்கும். பரபரப்பு கூடினால் கழுத்து திருகி, தாடை மேலே வரும்படி தலை கவிழ்ந்துவிடும். பாய்ந்தால் எலிக்குப் பக்கத்தில் போய் விழும். சிலவற்றில் இது லேசாக இருக்கும், சிலவற்றில் கண்கொண்டு பார்க்க முடியாது. அந்த மரபணுவைச் சுமக்கும் பாம்புகளில் கூடவோ குறையவோ இந்தக் கோளாறு வந்துவிடுகிறது.

காரணம் உள்காதில் இருக்கிறது. பாம்புக்கு வெளிக்காது கிடையாது. ஆனால் நமக்கு இருப்பதுபோலவே சமநிலை காக்கும் உள்காது உண்டு. மூன்று அரைவட்டக் குழாய்களில் நிறைந்திருக்கும் திரவம்தான் தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று மூளைக்குச் சொல்கிறது. 2022-ல் வெளியான ஓர் ஆய்வு, நுண் சிடி ஸ்கேன் மூலம் ஸ்பைடர் பாம்புகளின் தலைக்குள் பார்த்தது. அரைவட்டக் குழாய்கள் உருக்குலைந்திருந்தன. பக்கத்திலுள்ள சமநிலைப் பையும் சரியாக அமையவில்லை. கருவில் நிறமி செல்களைத் தரும் நரம்பு முகடு என்ற செல் தொகுதிக்கு உள்காதின் வளர்ச்சியிலும் பங்குண்டு. நீலக்கண் வெள்ளைப் பூனைகளில் பல செவிடாக இருப்பது அதனால்தான். ஸ்பைடரிலும் தோலில் கோலத்தை மாற்றிய மரபணுவே காதையும் கெடுத்திருக்கவேண்டும் என்பது வலுவான ஊகம்.

என் அம்மாவுக்குச் சில காலம் உள்காதுத் தலைசுற்றல் இருந்தது. அடுப்படியிலிருந்து கட்டிலுக்கு வரச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பார். “பூமியே சுத்துதுடா” என்பார். மருத்துவரிடம் போனோம், மாத்திரை வாங்கினோம். அப்படி ஒரு தலையோடு பிறந்து அதோடே சாகவேண்டிய நிலையில் ஓர் உயிரை, தெரிந்தே, ஆண்டுதோறும் பொரிக்கவைக்கிறார்கள். “சாப்பிடுகிறது, முட்டையிடுகிறது, அப்புறம் என்ன?” என்பது வளர்ப்பவர்கள் பலரின் வாதம். பாம்பு முனகாது, முகம் சுளிக்காது, மூட இமைகூட அதற்கு இல்லை. நாய்க்குட்டி ஒன்று இப்படித் தலை திருகி விழுந்தால் பார்த்துக்கொண்டிருப்போமா? வலியைக் காட்டத் தெரியாத உயிர் என்றால் நம் மனசாட்சிக்கு எவ்வளவு சௌகரியம்! உடம்பை நீட்டிப் படுக்கக்கூட இடமில்லாத பிளாஸ்டிக் டப்பாக்களில், அலமாரி இழுப்பறை போல அடுக்கி, ஆயிரக்கணக்கில் பால் பைத்தான்களை வளர்க்க முடிவதும் இதே சௌகரியத்தால்தான்.

ஆகவே என் பதில், வேண்டாம். பதிவுச் சான்றோடு கிடைத்தாலும் வேண்டாம். வாங்க ஆள் இருக்கும்வரை, திருச்சியில் பிடிபட்டது போன்ற பெட்டிகள் வந்துகொண்டேதான் இருக்கும்.

அதற்காகப் பாம்பின் மேலுள்ள ஆசையைக் கைவிட வேண்டியதில்லை. அந்த ஆசை நம் பிள்ளைகளுக்கு வருவது நல்லது. கிண்டி பாம்புப் பண்ணைக்கும், வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் விஷம் எடுக்கும் இடத்துக்கும் அவர்களை அழைத்துப் போங்கள். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கு விஷப்பாம்புகளையும் அடையாளம் காணக் கற்கட்டும். கட்டுவிரியனைப் போலவே பட்டை போட்ட, விஷமில்லாத ஓநாய்ப் பாம்பு நம் குளியலறைகளில் தினந்தோறும் அடிபட்டுச் சாகிறது. அந்த வித்தியாசம் தெரிந்த ஒரு பிள்ளை தெருவில் இருந்தால், கம்பெடுத்த கையைத் தடுத்து வனத்துறைக்குத் தகவல் சொல்லும். காசு கொடுத்து டப்பாவில் அடைத்து வைப்பதைவிட, பாம்புக்குச் செய்யக்கூடிய பெரிய உதவி அதுதான்.